பக்கத்து வீட்டு அக்காவுக்கு இல்லாத தடுப்பூசி எனக்கு எதற்கு?

(2021 ஜூன் முதல் வாரம், கொரோனா தடுப்பூசிக்குத் தட்டுப்பாடு இருந்த நேரத்தில் எழுதிய கேள்வி-பதில்.)

கேள்வி: பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு கிராமம். வயது 31. பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வயதில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தது. அதிலிருந்து இதய வால்வு சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். 21 நாளைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடுகிறேன். எக்கோ என்கிற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் வால்வு 1.4, மாடரேட் என்று இருக்கிறது. அதை வைத்து டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்தார். மே 26-ந் தேதி கோவிஷீல்டு முதல் டோஸ் போட்டாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு 43 வயது. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். நாலு வீட்டில் வேலை செய்கிறார். அவரை வயசு பத்தாது என்று சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “ஏங்கண்ணு, உனக்கு மட்டும் யாரு சொல்லிப் போட்டாங்க?” என்று கேட்டார். என் நோய் ஊரில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை பார்க்கிற நேரம், வாயைத் திறக்காதே என்கிறார் அம்மா. “சொசைட்டி மூலமா கிடைச்சதுங்க்கா” என்று பொய் சொல்லிவிட்டேன். 58 வயது அப்பாவுக்கும் இன்னும் போடவில்லை. ஏப்ரலில் பயந்துகொண்டு போகவில்லை, இப்போது ஸ்லாட் இல்லை. நான் பால் கேனைத் தூக்கி வைக்கிற ஆள். நிஜமாகவே நான் நோயாளிதானா? என் இரண்டாவது டோஸை அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லலாமா? இல்லையென்றால் அவரைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப்போய்ப் போடலாமா? சாப்பிட உட்கார்ந்தால் இறங்கமாட்டேன் என்கிறது.

பதில்: கொடுக்கச் சொல்ல முடியாது, சகோதரி. இது ரேஷன் அரிசி மாதிரி உங்கள் பெயருக்கு ஒதுக்கிவைத்து, நீங்கள் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் வாங்கிக்கொள்கிற பொருள் இல்லை. ஆகஸ்டில் நீங்கள் போகாவிட்டால் அந்த மருந்து அன்றைக்கு அந்த சென்டரில் அடுத்து இருப்பவருக்குப் போகும். அவர் நம் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வந்தவராக இருக்கலாம், கொல்லங்கோட்டுக்காரராக இருக்கலாம். உங்கள் தெருவுக்கு வராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. மே 1-ந் தேதியிலிருந்து 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மருந்தை மத்திய அரசு அனுப்புகிறது. 18 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு மாநில அரசு தன் கையிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறது. கோவிஷீல்டு ஒரு டோஸ் 300 ரூபாய், கோவாக்சின் 400. இரண்டு ஸ்டாக்கும் தனித்தனி, ஊசி போடுகிற வேளையும் தனித்தனி. ஆக, நீங்கள் போட்டுக்கொண்ட மருந்து எந்த வகையிலும் உங்கள் அப்பாவுக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. அக்காவுக்கும் போயிருக்காது, ஏனென்றால் கேரளம் தான் வாங்கிய கொஞ்ச மருந்தை இந்த வயதுக்காரர்களில் நோய் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கொடுக்கத் தொடங்கியது. உங்களுக்குப் பின்னால் நின்றது டயாலிசிஸ் செய்கிற ஒரு பையனோ, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிற ஒரு பெண்ணோதான். அவர்களை நீங்கள் தள்ளிவிட்டுப் போகவில்லை, அவர்களோடு சேர்ந்து நின்றீர்கள். அக்கா அந்த வரிசையிலேயே இல்லை. அது அநியாயம் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு மறுப்பில்லை, அதற்குக் கீழே வருகிறேன்.

மருந்தை வீணாக்கினார்கள் என்கிற பேச்சும் அக்கம்பக்கத்தில் ஓடுகிறது, அதனால் ஒரு காட்சியைச் சொல்கிறேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சம் இருந்தால் கொட்டத்தான் வேண்டும். ஆனால் பத்து டோஸுக்குக் குறையக்கூடாது என்று கம்பெனிக்காரர்கள் ஒரு சொட்டு கூடுதலாகவே நிரப்புகிறார்கள். நம் ஜே.பி.ஹெச்.என். சிஸ்டர்கள், அதாவது பொதுச் சுகாதார நர்ஸ்கள், பத்தாவது ஊசி முடிந்ததும் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். சாய்த்துப் பிடித்து, விரலால் ஓரத்தைத் தட்டி, அடியில் சேர்ந்ததை சிரிஞ்சில் இழுத்து, சரியாக அரை மில்லி வந்துவிட்டதா என்று கோட்டோடு கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். வந்துவிட்டால் பதினோராவது ஆளைக் கூப்பிடுவார்கள். வராவிட்டால் வராததுதான், இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்க்கிற வேலை கிடையாது. மே முதல் வாரத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் வெளியிட்ட கணக்குப்படி, மத்திய அரசிடமிருந்து கேரளத்துக்கு வந்தது 73,38,806 டோஸ், போட்டது 74,26,164. வந்ததைவிடப் போட்டது 87,358 அதிகம். அத்தனையும் அந்த விரல் தட்டலில் வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த மருந்தில் ஒன்றை நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அதைப் பாதியில் விடுவதுதான் உண்மையான வீண்.

சரி, நீங்கள் நோயாளிதானா என்கிற கேள்வி. கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

சின்ன வயதில் தொண்டைப்புண் வந்து, அதைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கி ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டு வலி போய்விடும். இதய வால்வில் ஏற்பட்ட காயம் நிற்கும், வருஷக்கணக்கில் தடித்துச் சுருங்கும். பெரும்பாலும் மைட்ரல் வால்வு. நுரையீரலிலிருந்து வருகிற ரத்தம் இடது மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்குகிற வழி அது. நல்ல வால்வு திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். உங்களுடையது 1.4. சுமார் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்.

இருந்தும் கேன் தூக்குகிறீர்களே, எப்படி? இதயம் நிதானமாகத் துடிக்கிற வரைக்கும், இரண்டு துடிப்புக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் அந்தச் சின்ன வழியாகவே ரத்தம் இறங்கிவிடும். நிமிஷத்துக்கு 72 என்று இருந்தால் அந்த இடைவெளி சுமார் அரை நொடி. நல்ல காய்ச்சல் அடித்து 120-க்குப் போனால் அது பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். இறங்க நேரமில்லாத ரத்தம் பின்னால் தேங்கும், பின்னால் இருப்பது நுரையீரல். கொரோனா தாக்குவதும் அதே நுரையீரலை. மற்றவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போகிற ஒன்று உங்களுக்கு மூச்சுத் திணறலில் போய் நிற்கக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் உங்களுக்கே தெரியாது. தடுப்பூசிக்காக மத்திய அரசு வெளியிட்ட 20 நோய்களின் பட்டியலில் மிதமான அல்லது தீவிரமான வால்வு நோய் என்று தனியாக ஒரு வரியே இருக்கிறது. மாடரேட் என்றால் சும்மா லேசாக என்று உங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் போல. அப்படியில்லை. புதிய வழிகாட்டுதல்களில் 1.5 அல்லது அதற்குக் கீழே வந்தாலே தீவிரம் என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள்.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டியலை எழுதியவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து உலகத்தைப் பார்ப்பவர்கள். உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். யார் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுப் படி ஏறுகிறார்கள் என்று பார்க்கவில்லை. சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரை இருந்தாலும் அதோடு ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிட்டால்தான் பட்டியலில் இடம். சர்க்கரை மட்டும் என்றால் கிடையாது. அப்புறம் தொழில்வாரியாக ஒவ்வொரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள், நல்லதுதான். ஆனால் அலுவலகமும் அடையாள அட்டையும் இருக்கிற தொழிலுக்கு அதில் நுழைவது சுலபம். நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவருக்கு யார் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பார்கள்? மருந்து போதுமான அளவு இருந்திருந்தால் இந்தப் பட்டியலுக்கே வேலை இருந்திருக்காது. அக்காவின் கோபம் நியாயமானது, விலாசம்தான் தப்பு.

உண்மையில் வரிசையைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஊழியர் என்று பெயர் சேர்த்துக்கொண்டு முதல் சுற்றிலேயே போட்டுக்கொண்டவர்கள் நாடு முழுக்க இருந்ததால்தான், ஏப்ரல் முதல் வாரத்தில் சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர் பிரிவில் புதிய பதிவையே மத்திய சுகாதார அமைச்சகம் நிறுத்தியது. அவர்களில் ஒருவர்கூட எனக்குக் குற்ற உணர்ச்சி என்று கடிதம் எழுதியதில்லை. சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பது எப்போதும் உங்களை மாதிரி, முறைப்படி கிடைத்தவர்கள்தான்.

ஆனால் ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். உங்களை உறுத்துவது ஊசி என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருபது வருஷமாக மூடிவைத்த விஷயத்தை முதல் தடவையாக ஒரு டாக்டர் முத்திரை குத்திக் காகிதத்தில் எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போய் கவுண்டரில் நீட்டினீர்கள். அடுத்த நாளே அக்காவிடம் ஒரு பொய். இந்த இரண்டும் சேர்ந்துதான் தொண்டையில் நிற்கிறது. மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் நோயும் இல்லை என்று ஆகிவிடும் என்று மனசின் ஒரு மூலை நினைக்கிறது. ஆகாது.

அந்தப் பொய்யை முதலில் சரிசெய்யுங்கள், அதுவும் சீக்கிரம். நீதி நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சொசைட்டியில் கிடைத்தது என்று நீங்கள் சொன்னது பால் ஊற்ற வருகிறவர்கள் காதுக்குப் போக இரண்டு நாள் போதும். அப்புறம் ஐம்பது பேர் செக்ரட்டரியிடம் போய், எங்களுக்கும் போடச் சொல்லுங்கள் என்று நிற்பார்கள். அக்காவிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. “சொசைட்டினு சொன்னது சும்மாங்க்கா. எனக்குச் சின்ன வயசிலிருந்து உடம்புல ஒரு கோளாறு இருக்கு, டாக்டர் சீட்டு குடுத்ததாலதான் போட்டாங்க. வெளிய சொல்லாதீங்க.” இவ்வளவு போதும். என்ன கோளாறு என்று கேட்டால், கல்யாணத்துக்கு அப்புறம் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போகலாம். நாலு வீட்டுக்குள் போய் வருகிறவருக்கு ரகசியம் காப்பது புதிதில்லை.

மாப்பிள்ளை வீட்டு விஷயம் வேறு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டாக்டராக இதைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், கட்டிக்கொள்ளப் போகிறவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதி அளவு கூடும், துடிப்பும் வேகமாகும். 1.4 வால்வுக்கு அது பெரிய பரீட்சை. முன்கூட்டியே தெரிந்தால் பலூன் வைத்து வால்வை விரித்துவிட்டுக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். தெரியாமல் ஏழாம் மாதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் காப்பாற்றக் கஷ்டப்படுகிறோம். அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் மறைக்கச் சொல்கிறார், திட்ட வேண்டாம்.

அப்பா ஏப்ரலில் பயந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ந் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17-ந் தேதி மாரடைப்பில் இறந்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழ் பேசுகிற வீடுகளில் அந்த வாரம் ஊசிக்குப் போனவர்கள் குறைவு. அவருக்கு இதய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பார்த்த மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். அது டிவியில் ஒரு தடவை வந்தது, வாட்ஸ்ஆப்பில் வந்தது நூறு தடவை. இப்போது பயம் போய்விட்டதென்றால் அப்பாவுக்கு உங்கள் கையை விட நல்ல அத்தாட்சி இல்லை. ஊசி போட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவருக்கு ஸ்லாட் பிடிக்கிற வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போன் நம்பரில் நான்கு பேரைப் பதிவு செய்யலாம். நீங்கள், அப்பா, அம்மா போக ஒரு இடம் இருக்கும். தடுப்பூசிக்குப் பதிவு செய்கிற கோவின் தளத்தில் இந்த வாரம்தான் ஆங்கிலத்தோடு மலையாளம் உட்பட மற்ற மொழிகளைச் சேர்த்திருக்கிறார்கள், தமிழ் இன்னும் வரவில்லை. வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அறுபது வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். காலையில் பால் ஊற்ற வரும்போது பாஸ்புக்கோடு ஆதார் கார்டையும் எடுத்து வரச் சொல்லி, ஆளுக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்கினால் வேலை முடிந்தது. அவரவர் பேரனின் போன் நம்பரில் போடுங்கள், ஓ.டி.பி. அங்கே போகட்டும். உங்கள் நம்பரை எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள், ராத்திரி தூங்க முடியாது. பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். பிராயச்சித்தம் செய்ய நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. கணக்கு எழுதுகிற கை அங்கே உங்களுடையதுதான் என்பதால் சொல்கிறேன்.

அக்காவுக்கு வருகிறேன். முதலில் ஊர் சுகாதார சப்சென்டரில் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள், ஆஷா சுகாதாரப் பணியாளரிடம் சொன்னாலே ஏற்பாடு செய்வார். நாற்பதைத் தாண்டியும் பார்க்காமலே இருப்பவர்கள் அதிகம். பட்டியலில் இருக்கிற ஏதாவது நோய் உண்மையாகவே இருந்தால் சர்டிஃபிகேட் கிடைக்கும். இல்லாவிட்டால் சந்தோஷப்படுங்கள். இல்லாத நோய்க்குச் சீட்டு எழுதித் தருகிற டாக்டர் யாரையாவது காட்டச் சொல்லி அவர் கேட்டால், அந்த உதவி மட்டும் செய்யாதீர்கள். அந்த ஒரு சீட்டு யாரைப் பின்னால் தள்ளும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

பொள்ளாச்சி யோசனை இப்போதைக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மே 20-ந் தேதி திருப்பூரில் தொடங்கிவைத்தார்கள், உண்மை. ஆனால் ஸ்டாக் தீர்ந்து பல இடங்களில் போர்டு மாட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஊரடங்கு. எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் காரணம் சொல்லி நிற்க வேண்டும். தொற்று எண்ணிக்கையில் சென்னையையே தாண்டிப்போன கோவை மாவட்டத்துக்குள் ஊசி போடாத ஒருவரைப் பஸ் மாற்றி, ஆட்டோ மாற்றிக் கூட்டிப்போய், மருந்தில்லை என்று திரும்பி வருவதில் லாபமில்லை. 43 வயதென்றால் அவர் முறை வெகு தூரத்தில் இல்லை. அதுவரைக்கும் அவர் வேலை செய்கிற வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் முன்னாலேயே சொல்லச் சொல்லுங்கள், அந்த நாட்களின் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்கச் சொல்லி அந்த வீட்டுக்காரர்களிடம் பேச ஒரு வார்டு மெம்பரால் முடியும். மாஸ்க்கை வேலை நடக்கும்போது கழுத்துக்கு இறக்கக்கூடாது. அந்த வீட்டார் போடாமல் பேசினால் இவர் இரண்டடி தள்ளி நிற்கட்டும், மரியாதைக் குறைவில்லை.

உங்களுக்கும் அதேதான். முதல் டோஸ் மட்டும் போட்டவருக்குப் பாதுகாப்பு முழுதாக வந்துவிடவில்லை. உங்களால் மற்றவர்களுக்குப் பரவவே பரவாது என்றும் சொல்ல முடியாது.

இனி தேதிகள். கோவிஷீல்டு இடைவெளியை மே 13-ந் தேதி 12 முதல் 16 வாரம் என்று நீட்டிவிட்டார்கள். உங்களுக்கு ஆகஸ்ட் 18-ல் 84 நாள் முடிகிறது, செப்டம்பர் 15-க்குள் போட்டுவிடுங்கள். இடையில் பெனிசிலின் ஊசி தேதி வந்தால் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது. ரத்தம் உறையாமல் இருக்க ஆசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட்டால் ஊசி போடுகிற சிஸ்டரிடம் முன்னாலேயே சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. கடைசியாக எக்கோ எப்போது எடுத்தீர்கள் என்பதும் கடிதத்தில் இல்லை. லாக்டவுனில் நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். ஒரு வருஷம் தாண்டியிருந்தால், ஓ.பி. திறந்த முதல் வாரமே போய் எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன்னால்.